இரண்டு கிலோ கழிவு

அன்று பத்து மணி எடைக்கு ஷெட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர்: கொக்கிக்கு அந்தப் பக்கம் பேரேட்டோடு எடை எழுதுகிற மாசிலாமணி அண்ணன், இந்தப் பக்கம் எப்போதும் வரிசையில் முதல் ஆளாக நிற்கிற குருவம்மாள், அவள் பின்னால் பீவி, தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்த வேலம்மாள், அக்கா தங்கைகளான ரெஜினாளும் லூர்தாளும், வெற்றிலை மெல்லாத நேரமே இல்லாத பூவாயி, ஆண்களில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரே ஆளான தங்கப்பன், கடைசியாக நான், சிட்டம்மாள், நாலாம் லைன், மூன்றாம் வீடு. வாசலில் ஒரு நாயும் நனைந்துகொண்டு நின்றது. அதற்குச் சம்பளம் இல்லை என்பதால் சேர்க்கவில்லை.

ஆடி மாதம், வியாழக்கிழமை, விடாத மழை. என் சாக்கில் ஏழு கிலோ கொழுந்து இருந்தது. தராசு சொல்லுமுன் என் தோள் சொல்லிவிடும், முப்பத்துநாலு வருஷத்தில் அது கால் கிலோவுக்கு மேல் தவறியதில்லை. சாக்கைக் கொக்கியில் மாட்டியபோது இடது முட்டி மடங்கியது, விழாமலிருக்க நான் கொக்கியையே பிடித்துக்கொண்டேன், ஒரு மூச்சு விடும் நேரம் தொங்கினேன், பிறகு காலை ஊன்றிக் கையை எடுத்தேன். வட்டத் தராசின் முள் பத்தொன்பது கிலோ நானூறில் நின்றது.

"கல்லு கில்லு போட்டியா சிட்டு?" என்றார் மாசிலாமணி அண்ணன்.

நான் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். மூன்று வருஷம் இரண்டு மாதமாக என் உடம்பில் குடியிருந்த வலி, முட்டியில் இருந்தது, மணிக்கட்டில் இருந்தது, தாடைக்குக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது, எதுவும் இல்லை, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் பெருக்கிவிட்டும் போயிருந்ததைப் போல உள்ளே சுத்தமாக இருந்தது. அண்ணன் சாக்கைக் கழற்றிக் கீழே வைத்தார். முள் ஏழு கிலோ இறங்கி, வெறும் கொக்கியிலேயே பன்னிரண்டு கிலோ நானூறு காட்டியது.

முள் மாட்டிக்கொண்டதோ என்று கொக்கியை ஆட்டிப் பார்க்கப் போன குருவம்மாள், "அம்மாடி, முட்டி" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முள் பூச்சியத்துக்கு வந்தது. அவளைத் தூக்கிவிட்டு, மறுபடி கொக்கியைப் பிடிக்க வைத்தோம், அவள் எழுந்தாள், முள் பன்னிரண்டு நானூறுக்குப் போனது.

"இதத்தான் நீ தூக்கிட்டுத் திரிஞ்சியா?" என்றாள் குருவம்மாள். "பாவி, ஒரு வார்த்த சொல்லல."

மாசிலாமணி அண்ணன் பேனாவை எடுத்து, எதை நிறுத்தாலும் சொல்வதைப் போலவே, "சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு, கழிவு ரெண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே, என் பெயருக்கு நேரே பத்து கிலோ நானூறு என்று எழுதினார். அதில் சாக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் அன்று தோன்றவில்லை.

சொல்லவில்லை என்று குருவம்மாள் சொன்னது சரிதான். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கில் எனக்குப் பயம் இருந்ததில்லை, மனிதர்களிடம் பேசத்தான் பயம். மான் மேய்ந்துபோன பதினேழாம் நம்பர் காட்டில் ஓர் உண்ணி என் கெண்டைக்காலில் கடித்தது, மிளகு அளவுகூட இருக்காது, பிய்த்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. வட்டம் பெரிதாகிறதா என்று தினமும் விரலால் அளந்து, பழைய நோட்டில் எழுதிவைத்தேன்: இரண்டு விரற்கடை, மூன்று, நாலு, ஐந்து. பிறகு காய்ச்சல், பிறகு வலி. எஸ்டேட் மருந்தகத்தில் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள், கீழே டவுனில் ரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள், நான் சீக்கு விடுப்புக் கேட்டுப் போனபோது எங்கள் மேனேஜர் போப்பண்ணா துரை அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரத்தத்துல ஒண்ணும் இல்லையே சிட்டம்மா, வயசாகுது, மனசுலதான் இருக்கு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சீட்டில் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் வருஷம் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மாதான் என் நோட்டை வாங்கி, விரற்கடைக் கணக்கை இரண்டு முறை படித்தார். இதற்கு லைம் நோய் என்று பெயர், லைம் என்பது கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஓர் ஊர், நம் பக்கம் இது அபூர்வம், அதனால்தான் யாரும் தேடவில்லை என்றார். ரத்தத்தை எங்கேயோ அனுப்பி உறுதியும் செய்தார். இருபத்தெட்டு நாள் நரம்பு வழியாக ஊசி, ஒரு ஊசி முந்நூற்று நாற்பது ரூபாய், நடுவில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதன் பிறகும் மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், மருந்தும் பஸ்ஸும் சேர்த்து மாதம் ஆயிரத்தெண்ணூற்று எழுபது ஆகும். "கிருமி போயிரும்மா. வலி மெதுவாத்தான் போகும், கொஞ்சம் போகாமலும் இருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்" என்றார். உண்மையைச் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

ஒரு நாளைக்கு இருபத்தாறு கிலோ பறித்தால் முழுச் சம்பளம். முழுச் சம்பளம் இருந்தால் வாரம் ஏழு ஊசி வாங்க முடியும், அரைச் சம்பளத்தில் முடியாது. நான் பதினெட்டு, பதினாறு என்று இறங்கிக்கொண்டிருந்தேன். இன்னும் இறங்கினால் பேரேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், பெயர் போனால் வீடு போகும், கணவர் போய்ப் பதினொரு வருஷம் ஆன எனக்குப் போக வேறு இடமும் கிடையாது, மகள் திருப்பூரில் ஒரே அறையில் ஐந்து பேரோடு இருக்கிறாள். ஓய்வுக்கு இன்னும் பதினேழு மாதம் இருந்தது. பதினேழு மாதத்தை எப்படி நடந்து கடப்பது என்பதுதான் அந்த மழைநாள் காலை வரை என் ஒரே கணக்கு.

இப்போது ஷெட்டில் அது கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட முடியாது, அடுத்த பிரிவின் கொழுந்து வரும், தொட்டவர் தலையில் முழுதும் ஏறும். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். குருவம்மாள் என் கையைத் தட்டிவிட்டாள்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்று வந்தவள், காய்ச்சலில் எழுந்து வந்தவள், இவர்கள் சாக்கு நிறையாவிட்டால் மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு கை கொழுந்தை அதில் போட்டு எடையைக் கட்டிவிடுவார்கள். கேட்கவும் கூடாது, நன்றி சொல்லவும் கூடாது. கைக்கொழுந்து என்று பெயர்.

"கொழுந்த போடறோம், இத எடுக்க மாட்டமா?" என்றாள் குருவம்மாள். "எட்டுப் பேரு இருக்கோம். அண்ணே, எவ்வளவு விழும்?"

"நானுமா?" என்றார் மாசிலாமணி அண்ணன்.

"உக்காந்து எழுதறதுக்கு முட்டி எதுக்கு?"

ஆளுக்கு ஒரு கிலோ முந்நூறு விழுந்தது. கொக்கியைப் பிடித்து, முள் வேண்டிய அளவு இறங்கியதும் கையை எடுத்தால் போதும். சாயங்கால எடையில் எல்லோரும் திரும்ப வந்து மாட்டினார்கள், நான் பிடித்து என்னுடையதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று நான் இருபத்தேழரைக் கிலோ பறித்திருந்தேன்.

ஒரே வாரத்தில் அது பிரிவின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. காலையில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஷெட்டுக்கு வருவது, நான் முதலில் மாட்டுவது, அண்ணன் கழிவு போக எழுதுவது, மற்றவர்கள் வரிசையாகப் பிடிப்பது. இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள், ஆளுக்கு நானூறு கிராம், செருப்பில் சிறுகல் ஏறியது போல இருக்கும், வேலை கெடாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்று முதல் நாளே முடிவானது. யாருக்கு எந்த வலி போகும் என்பது மட்டும் சொல்ல முடியாது, பீவிக்கு மணிக்கட்டு வரும், மறுநாள் அது வேலம்மாளுக்குப் போய்ப் பீவிக்குக் காது இரைச்சல் வரும், அதை அவர்கள் சீட்டு விழுந்தது போலப் பேசிக்கொள்வார்கள். நோயோடு சேர்ந்த மறதியும் அந்த எடையில் இருந்தது. அது விழுந்த நாளில் பூவாயிக்குப் புருஷன் பெயர் மறந்துபோனது. "இருபது வருஷத்துல இப்பத்தான் ஒரு நாளு நிம்மதி" என்று அவள் சொன்னதிலிருந்து, மறதி யாருக்கு விழுந்தது என்று விசாரித்துக் கைமாற்றிக்கொள்ள இரண்டு மூன்று பேர் அலைந்தார்கள். மாரியம்மன் கோயில்காரர்கள் இது அம்மன் செயல் என்றார்கள், ரெஜினாளும் லூர்தாளும் அந்தோணியார் செயல் என்றார்கள், பீவி தர்காவில் தான் சர்க்கரை ஓதி வாங்கியதை நினைவூட்டினாள், தங்கப்பன் அது தராசின் செயல், எண்ணெய் விட்டு மூன்று வருஷமாகிறது என்றான். யூனியன்காரர் வந்து இதற்குத் தனிப் படி கேட்கலாமா என்று கேட்டார். வலியைக் கொழுந்தோடு சேர்த்து நிறுத்துச் சம்பளம் வாங்க ஒருத்தி பார்த்தாள், அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை.

நான் பேசத் தெரியாதவள் என்பதால் நோட்டில் எழுதினேன். இருபத்தாறு பெயர், நாளுக்கு ஒரு கோடு. வலியில்லாத கையால் நான் முப்பது, முப்பத்திரண்டு கிலோ பறித்தேன், இருபத்தாறுக்கு மேல் வந்ததையெல்லாம் பக்கத்துச் சாக்குகளில் கை கையாகப் போட்டேன். ஒவ்வொரு நாளும் வேலை விட்டதும் மருந்தகத்தில் கம்பவுண்டர் ஊசி போட்டார். முதல் வாரம் ஏழு, இரண்டாம் வாரம் பதினாலு. முப்பத்துநாலு வருஷம் அதே செடிகளைப் பார்த்தவள்தான், ஆனால் அந்த வாரங்களில் சரிவில் நின்று நிமிரும்போதெல்லாம் யாரோ இரண்டு கண்ணையும் கழுவி மாட்டியதைப் போல இருந்தது.

ஆனால் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. இருபத்தாறு நானூறு பத்து கிலோ நானூறு. முள் காட்டுவதோ பன்னிரண்டு நானூறு. அவர்கள் எடுத்து முடிந்ததும் கொக்கியில் இரண்டு கிலோ நிற்க வேண்டும், நிற்கவில்லை, என்னிடமும் இல்லை. சாயங்காலம் பேரேட்டை மூடியதும் அது மட்டும் தானாக வந்து என்மேல் ஏறிக்கொள்ளும். பகலில் எங்கே இருக்கிறது?

பதில் கடையில் கிடைத்தது. பங்களாவில் சமைக்கிற அந்தோணி பீடி வாங்க வந்தவர், "துரைக்கு என்னன்னே தெரியலப்பா. காலைல எட்டு மணி ஆனா நொண்டுறாரு, ஆறு மணிக்கு நல்லாயிடறாரு. ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே இல்ல. பெரிய பெரிய டாக்டரெல்லாம் பாத்தாச்சு, ரத்தத்துல ஒண்ணுமில்லைங்கறாங்க" என்றார்.

நான் சீனி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. கழித்தது எங்கே போகும்? கொழுந்தில் கழித்தது எப்போதும் எங்கே போகிறதோ அங்கேதான், கம்பெனிக்கு, இங்கே கம்பெனி என்றால் துரை.

மறுநாள் சொன்னபோது குருவம்மாள் சிரித்த சிரிப்பில் கொக்கியே ஆடியது. "எத்தன வருஷமா நம்ம கொழுந்துல ரெண்டு ரெண்டு கிலோ தின்னாங்க. இதையும் தின்னட்டும்."

"துரைகிட்ட சொல்லிராத அக்கா. தராசையே தூக்கிட்டுப் போயிருவான்" என்றான் தங்கப்பன்.

அன்று மத்தியானமே ஷெட்டுச் சுவரில் தாள் ஒட்டினார்கள்: வரும் திங்கள் முதல் காலையில் யாரும் கொக்கியைப் பிடிக்கக் கூடாது, பெயர் கூப்பிட்ட பத்து நிமிடத்தில் எல்லோரும் காட்டில் இருக்க வேண்டும். கீழே துரையின் கையெழுத்து, கோணலாக இருந்தது. அது என் மணிக்கட்டு போட்ட கையெழுத்து என்று எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது ஊசி முடிந்திருந்தது, ஒன்பது பாக்கி. திங்கட்கிழமை வலியோடு காட்டுக்குப் போனால் இருபத்தாறு கிலோ வராது, வராவிட்டால் ஊசி நிற்கும், நின்றால் போன பத்தொன்பதும் வீண்.

பேசாமல் இருந்தால் தராசு போகும், பேசினாலும் போகலாம். இரண்டும் ஒன்றுதான் என்றால் எதற்குப் பேச வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். எனக்கு ஒன்றே ஒன்று பொறுக்கவில்லை. இருபத்தாறு பேர் தெரிந்து எடுத்தார்கள். அவர் மேல் கேட்காமல் ஏற்றியிருக்கிறோம். சனிக்கிழமை மத்தியான இடைவேளையில் வெளுத்த புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். எழுபத்திரண்டு படி, இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், வலியால் இல்லை, பயத்தால்.

துரை வராந்தாவில் இடது காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். "என்ன சிட்டம்மா, அட்வான்ஸா?"

"இல்லைங்க துரை. ஒரு கணக்குப் பிழை. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஆபீஸ்ல சொல்லு."

"ஆபீஸ்ல சொல்ற கணக்கு இல்லைங்க. உங்களுக்கு இடது முட்டி, உள்பக்கம். உக்காந்து எந்திரிக்கையில கண்ணாடித் தூள் போட்டு அரைக்கிற மாதிரி. வலது மணிக்கட்டு. தாடைக்குக் கீழ ஒரு இழுப்பு. பத்து மணிக்கு மேல தெரிஞ்ச பேரு ஒண்ணு வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிரும்."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தோணி சொன்னானா?"

"அந்தோணிக்கு இவ்வளவு தெரியாதுங்க. அது என்னோடது. மூணு வருஷமா நான் வச்சிருந்தது."

"ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார் மெதுவாக. "என் பொண்டாட்டிகூட நம்பல."

"இருக்குங்க துரை" என்றேன். "ரெண்டு கிலோ இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் உள்ளே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், டாக்டரம்மா சொன்ன அன்று எனக்கும் ஆகியிருக்கிறது. அதனால் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வராந்தாவின் தரைக்கற்களை எண்ணினேன். அறுபத்துநாலு.

பிறகு அவர் கேட்க, தராசையும் கழிவையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான். "ஒரு சாக்கு நெசமா எவ்வளவு எடை இருக்கும்?"

"முந்நூத்தி அம்பது கிராமுங்க. நனைஞ்சா நானூத்திப் பத்து."

"எப்படித் தெரியும்?"

"நிறுத்துப் பாத்திருக்கேங்க."

"எப்போ?"

"தொண்ணூத்தி மூணுல."

"முப்பது வருஷமா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலைங்க."

திங்கட்கிழமை காலை ஷெட்டுக்கு வந்தபோது துரை அங்கே நின்றார். தராசை எடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று தங்கப்பன் என்னை முறைத்தான். அவர் ஒரு வெறும் சாக்கைக் கொக்கியில் மாட்டச் சொன்னார். முள் முந்நூற்றைம்பதில் நின்றது. "இனிமே இதுதான் கழிவு. நனைஞ்சா நானூத்திப் பத்து" என்று மாசிலாமணி அண்ணனிடம் சொன்னார். பிறகு என் பக்கம் தலையை ஆட்டி, "அதுக்குக் கழிவே கிடையாது. அதுக்குச் சாக்கு ஏது?" என்றார். நான் மாட்டினேன், பன்னிரண்டு நானூறு. இருபத்தாறு பேர் எடுத்தார்கள். அவர் போய்விடுவார் என்று பார்த்தோம். அவர் தங்கப்பனுக்குப் பின்னால் வந்து நின்றார், வரிசையில் நின்று பழக்கமில்லாததால் கொஞ்சம் விலகி.

"நானூறுக்கு மேல எடுக்காதீங்க துரை" என்றான் தங்கப்பன். "புதுக் கை."

சுவரில் இருந்த தாளை யாரும் கிழிக்கவில்லை, மழை அன்றே அதை எடுத்துக்கொண்டது. அதற்காக அவர் தங்கமான மனிதராக ஆகிவிடவில்லை, போனஸ் பேச்சுவார்த்தையில் அதே ஆள்தான். ஆனால் இருபத்தேழாவது கோடு அவருக்கு, என் நோட்டில் அது விட்டுப்போன நாட்கள் ஆறு மட்டுமே. இருபத்தேழு நானூறு பத்து கிலோ எண்ணூறு. மீதி ஒரு கிலோ அறுநூறை நான் வைத்துக்கொண்டேன். அது இருந்தால்தான் கணக்கு எனக்கு நேராகப் பட்டது.

இருபத்தெட்டு ஊசியும் முடிந்தது, ஒன்பதாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய். அதன்பின் முள் இறங்கத் தொடங்கியது, டாக்டரம்மா சொன்னபடி மெதுவாக, கார்த்திகையில் பத்தரை, பங்குனியில் எட்டு, சில மாதம் ஏறவும் செய்தது. ஏறிய நாளில் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் கூட எடுத்தார்கள். மாதாமாதம் நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய்க் காட்டிவிட்டு ஏறி வந்தேன். முழுச் சம்பளம் வாங்கினேன், ஒரு மாத மருந்துகூட நிற்கவில்லை.

என் கடைசி வேலைநாள் அடுத்த கார்த்திகையில், ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வரப்போகிற பணிக்கொடையில் டவுனில் ஓர் அறை பார்த்திருந்தேன். மருந்துக்குப் போக அரிசிக்கு மிஞ்சும் என்று மூன்று முறை போட்டுப் பார்த்திருந்தேன். காலையில் மாட்டியபோது முள் மூன்று கிலோ இருநூற்றைம்பது காட்டியது.

"இன்னைக்கு யாரும் எடுக்க வேண்டாம்" என்றேன். "இது நான் தூக்கிருவேன். நாளையிலிருந்து தூக்கத்தானே போறேன்."

"வரிசையக் கெடுக்காத" என்றாள் குருவம்மாள், பிடித்தாள், நூறு கிராம் எடுத்தாள், நகர்ந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள், ஆளுக்கு நூறு, கடைசியில் துரை, நூறு. இரண்டு கிலோ எழுநூறு போய், மீதி ஐந்நூற்றைம்பதை நான் எடுத்துக்கொண்டு கடைசியாக ஒரு முறை சரிவில் ஏறினேன்.

சாயங்காலம் எல்லோரும் திரும்ப மாட்ட வந்தார்கள். குருவம்மாள் கொக்கியைப் பிடித்தாள், விட்டாள். முள் அசையவில்லை. பீவி பிடித்தாள், விட்டாள். வேலம்மாள், ரெஜினாள், லூர்தாள், பூவாயி எனப் பிடித்துவிட்டுப் போனார்கள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, முள் பூச்சியத்திலேயே நின்றது. துரையும் பிடித்துவிட்டு மழைக்கோட்டு மாட்டப் போனார். இருபத்தேழு பேரும் முடித்தபின் நான் என்னுடையதை மாட்டினேன். ஐந்நூற்றைம்பது காட்டியது.

"அண்ணே, கணக்குக் குறையுது" என்றேன். "ரெண்டு கிலோ எழுநூறு வரல."

மாசிலாமணி அண்ணன் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கழிவு" என்றார்.

"அதுக்குத்தான் கழிவு கிடையாதுன்னு..."

"அது கம்பெனிக் கழிவு. இது நம்ம கழிவு" என்றாள் குருவம்மாள். "ஆளுக்கு நூறு. எழுதிக்க, போ."

நன்றி சொல்லக் கூடாது என்பது வழக்கம், நான் சொல்லவில்லை. நோட்டை எடுத்து இருபத்தேழு பெயருக்கும் கடைசிக் கோட்டைப் போட்டேன். அது முடிந்த பிறகு கொக்கியைப் பிடித்து, எனக்கு உரியதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஒரு கை கொழுந்து அளவுதான் இருந்தது. இதை எழுதுகிற இன்று காலையும் டவுனில் அரிசிக்கடைத் தராசைப் பிடித்துப் பார்த்தேன், கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மீதி, ஐந்நூற்றைம்பது கிராம்.